குழுச் சுற்றுலா: பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிழைப்புக்காகக் கடல் கடந்து போவது தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை மக்களுக்குப் புதிதன்று. ஆனால், அறுபதைத் தாண்டிய பெற்றோர்கள் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே குழுவாகச் சேர்ந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் முதன்முறையாக விமானம் ஏறுவதை இப்போதுதான் எங்கள் பகுதியில் காண்கிறேன். அவர்களை அழைத்துச் செல்லும் அமைப்பாளர்கள், புறப்படுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்லித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு நானும் என் மனைவியும் அத்தகைய குழு ஒன்றில் சென்றோம். திருச்சி விமான நிலையத்தில், எங்களுக்கு முன்னால் நின்ற, மண்டபம் ஊரைச் சேர்ந்த அம்மா ஒருவரைக் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அவருடைய பெயரோடு தந்தை பெயர் இருந்தது. டிக்கெட்டில் கணவர் பெயர் இருந்தது. ஆதார் அட்டையைப் பார்த்து டிக்கெட் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மா சுருக்குப் பையிலிருந்து நான்காய் மடித்த ஆதார் நகலை எடுத்து நீட்டி, “இதுவும் நான்தானே தம்பி” என்று திரும்பத் திரும்பக் கேட்டார், கை நடுங்கியது. யார் யாருக்கோ போன் பேசிப் பெயரைத் திருத்தி முடித்தபோது, கவுண்டரை மூடச் சில நிமிடங்களே இருந்தன.

நம்முடைய முதலெழுத்து வழக்கமே இக்குழப்பத்துக்கு வேர். பாஸ்போர்ட்டில் முதலெழுத்தைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்தே எழுத வேண்டும் என்பதால், ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் பெயர் அமைந்துவிடுகிறது. பலருக்குக் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோருக்கு அனுமதியில்லை என்று அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று விளக்கம் அளித்தது. ஆகவே டிக்கெட், விசா இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கிறதா என்பதைப் பயணியே பார்த்துவிட வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்று சிங்கப்பூரும் மலேசியாவும் கேட்கின்றன. புதுப்பிப்பதற்குப் போலீஸ் விசாரணையும் தேவைப்படலாம் என்பதால், முன்பணம் கட்டும் முன்பே அந்தத் தேதியைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது பெட்டியில் வைக்கும் பொருள்கள். மகன் வீட்டுக்கென்று ஆசையாய் அரைத்துக் கொண்டுபோகும் மசாலாவில் கசகசா சேர்ந்திருந்தால், சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அங்கே அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் பார்க்கிறார்கள். நம் வீட்டுத் தாய்மார்களிடம் இதை யாராவது எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். தூக்க மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, அட்டையைப் பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினால் உறைந்து கெட்டுப்போகக்கூடும். பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்குமே, சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இரு நாட்டு அரசுகளின் தளங்களிலும் இதற்குக் கட்டணம் இல்லை. இதற்கெனத் தனியாகப் பணம் கேட்டால், எதற்கு என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது அமைப்பாளர்கள் பயணிகளை ஊரிலேயே கூட்டி, எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அவர்கள் கண்முன்னே ஒப்பிட்டுப் பார்த்து, இந்த விவரங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் தர வேண்டும். அத்தாளின் பின்புறம் குழுத் தலைவரின் எண்ணும், தங்கும் விடுதியின் பெயரும் முகவரியும் ஆங்கிலத்தில் இருந்தால், கூட்டத்தில் வழி தவறிய ஒருவர் அதை டாக்சி ஓட்டுநரிடம் காட்டியாவது விடுதிக்கு வந்து சேருவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.