கேரியர் கேட்டு ஒரு கடிதம்

27.7.2025, ஞாயிறு

அன்புள்ள உமையா,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் வீட்டுச் சாவி என்னிடம் பத்திரம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் தெற்குப் பக்கம் நாலைந்து ஓடு நகர்ந்து, பட்டப்பகலில் தரையில் வெயில் வட்டம் வட்டமாக விழுகிறது. ஐப்பசிக்குள் பார்க்கச் சொல்லி உன் பங்காளிகளிடம் சொல். ஒருவர் கோயம்புத்தூரிலும் ஒருவர் பினாங்கிலும் இருந்துகொண்டு, ஓட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று முடிவு பண்ணுவதற்குள் மழை வந்துவிடும். அது உங்கள் பாடு.

மூன்று வாரமாக நான் உனக்குக் காலையில் பூப்படம் அனுப்பவில்லை. கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். நம் வாட்ஸ்அப் குழுவில் நீ ஒரு செய்தி போட்டிருந்தாயே, இலவசம் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்று, கடைசியில் ரெண்டு கும்பிடு வேறு. அது நீ எழுதினது இல்லை, யாரோ அனுப்பினதைத் தள்ளிவிட்டிருப்பாய், தெரியும். ஆனாலும் எனக்குக் கோபம். போனில் கேட்டிருப்பேன். போன் என்றால் நீ என்னைப் பேசவிட மாட்டாய், பாதியில் உன் மருமகள் கதைக்குப் போய்விடுவாய். அதனால் பேரனுடைய நோட்டில் நடுத்தாளைக் கிழித்து எழுதுகிறேன். அவன் பார்த்தால் சண்டைக்கு வருவான்.

அவன் விஷயம்தான். போன வாரம் தொடக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சின்னவள் மூன்றாம் வகுப்பு, அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்துப் போனேன். டீச்சர் சொன்னது பெரியவனைப் பற்றி. பெரியவன் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இல்லையே! ஜூன் மாதமே ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போய்விட்டான்.

அரசாங்கம் போடுகிற காலை உணவு அங்கே எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேர் விடியுமுன் வந்து அடுப்பைப் பற்றவைப்பார்கள். தலைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, 15 கிராம் பருப்பு, காய் தனி. ஒருநாள் கிச்சடி, ஒருநாள் பொங்கல், இப்படி ஒரு சுற்று. எட்டேகாலுக்கெல்லாம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சாப்பிட்ட எண்ணிக்கையை போனில் ஏற்றவேண்டும். அன்றைக்கு மேலிடத்திலிருந்து பார்வைக்கு வந்தவர் தலையை எண்ணியிருக்கிறார். ஒரு தலை கூடுதல். அத்தனை அரை டவுசருக்கு நடுவில் ஒரு முழு பேன்ட் உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நம்ம ஆள்தான். தங்கச்சியைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் எட்டு மணிக்கு உள்ளே போவது, குழாயடியில் ரெண்டு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது, தட்டு வாங்கிச் சாப்பிடுவது, எட்டரை டவுன் பஸ்ஸுக்கு ஓடுவது. ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்திருக்கிறது. சின்னக் கழுதையும் வாயே திறக்கவில்லை. அவளுக்கு வாரம் ஒரு கடலை மிட்டாய் லஞ்சம் என்று பிற்பாடு தெரிந்தது.

டீச்சர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் உத்தரவு, நாங்கள் என்ன செய்வது என்றார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சமைக்கிற பெண்ணுக்குத்தான் வேலை போய்விடுமோ என்று பயந்து அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். “ஒரு கரண்டிக்கு என்னக்கா கணக்கு? சட்டியில ஒட்டுறதே அதைவிட ஜாஸ்தி” என்றாள். எச்சரிக்கை பண்ணிவிட்டுவிட்டார்களாம். இனிமேல் அவனை அனுப்பாதே என்று அவளும் சொல்லவில்லை, அனுப்பு என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். உனக்கு நான் வைத்துவிட்டுப் போகிறதில்லையா, பானையில் சோறும் நீச்சத்தண்ணியும் இருக்கிறதே, என்னடா குறை என்றேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்கிறான்: “நீ வைக்கிறது ஆறிப்போயிருக்கு அம்மாச்சி. அங்க சுடச்சுடப் போடுறாங்க.”

உமையா, என்னை எத்தனை பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். சமையலில் குறை சொன்னவன் இவன் ஒருத்தன்தான்.

என் பாடு உனக்குத் தெரியும். அஞ்சரைக்குப் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு கானாடுகாத்தான் போகிறேன். ஹோட்டலாக மாற்றிய அந்த வீட்டில் காலைப் பலகாரம் என் பொறுப்பு. பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே படியில் அரிசிக்கு மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, உன் அப்பத்தா எனக்குக் காட்டின அளவேதான், இன்றைக்கும் மாற்றவில்லை. வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் புரண்டு ஓரம் கட்டி எழும்பி வரும்போது வெளிநாட்டுக்காரர்கள் அடுப்படிக்கே வந்து படம் எடுக்கிறார்கள். நாலு வைத்தால் ரெண்டைச் சாப்பிட்டு ரெண்டை மிச்சம் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் என் பேரன் ஊரான் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு கரண்டி கிச்சடிக்கு நின்றிருக்கிறான்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. ஆறாம் வகுப்பு போனால் மதியச் சத்துணவில் அரிசி 100 கிராமிலிருந்து 150 கிராம் ஆகிறது. பிள்ளை வளர்ந்துவிட்டான், பசி கூடும் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. காலையில் மட்டும் அதே பிள்ளைக்குக் கிடையாது. இந்தக் காலை உணவை 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷம் ஆகஸ்டில் எல்லா ஊருக்கும் வந்தது, நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். இரண்டு வருஷம் இந்த ரெண்டும் என்ன சாப்பிட்டதோ என்ற நினைப்பே இல்லாமல் அடுப்பில் நின்றேன். இப்போது மறுபடியும் ஆரம்பம்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பள்ளம் நமக்குப் புதுசா? யோசித்துப் பார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தபோது நாம் நாலாம் வகுப்பு. என் அலுமினியத் தட்டில் இருந்த சாம்பார் சாதத்துக்கு உன் இட்லியை மாற்றிக்கொண்டு போவாயே, அப்பத்தாவுக்குத் தெரியாமல்! ரெண்டு வருஷம் ராஜபோகம். 84 ஜூனில் பெரிய பள்ளிக்கூடம் போனோம், அங்கே சோறு கிடையாது. அப்போதும் அது தொடக்கப் பள்ளியோடு சரி. அந்த வருஷம் செப்டம்பரில்தான் பெரிய பிள்ளைகளுக்கும் என்று நீட்டினார்கள்.

நடுவில் மூன்று மாசத்துக்கு மேல். அந்த நாட்கள் முழுக்க உனக்கு வயிற்று வலி. ஞாபகம் இருக்கிறதா? கேரியரைத் திறப்பாய், முகத்தைச் சுளிப்பாய், “எனக்கு வலிக்குதுடி, வீட்டுக்குக் கொண்டுபோனா அப்பத்தா திட்டும், நீ தின்னுட்டுக் கழுவிக் குடு” என்பாய். கொட்டாங்கச்சி டீச்சர் உனக்குத் தினம் ஓமத்தண்ணி கொடுத்தார். நீயும் குடித்துத் தொலைத்தாய். பெரிய பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு வந்த மறுநாள் உன் வயிற்று வலி போயே போச்சு. நான் அப்போது நம்பினேன். ரொம்ப நாள் நம்பினேன். என் கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் கிணற்றடியில் நின்றபோதுதான் சட்டென்று உறைத்தது. இதைப் பற்றி நான் உன்னிடம் ஒருநாளும் பேசினதில்லை.

அந்த உமையாளா அப்படி ஒரு செய்தியைத் தள்ளிவிடுவது?

சரி, திட்டியாயிற்று. இன்னொரு கூத்தையும் கேள். பிள்ளைகள் ரெண்டு பேரின் பெயரும் திருப்பூரில் மகள் ரேஷன் கார்டில் இருக்கிறது. அரிசி அங்கே, வாய் இங்கே. எனக்குத் தனிக் கார்டு. பேரை எடுத்து என் கார்டில் சேர்க்கலாம் என்றால் அங்கே அவர்களுக்கு அரிசி குறையும், பனியன் கம்பெனிச் சம்பளத்தில் அவர்கள் கடையில் வாங்கவேண்டும். அதனால் விட்டுவிட்டோம். தீபாவளிக்கு மகள் பஸ்ஸில் மூட்டை கட்டிக் கொண்டுவருகிறாள், திருப்பூர் ரேஷன் அரிசி காரைக்குடிக்கு!

அப்புறம் அந்தக் கார்டில் உள்ள எல்லாரும் கைரேகை வைக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். எந்த ஊர்க் கடையிலும் வைக்கலாமாம். கூட்டிக்கொண்டு போனேன். பெரியவன் விரலை வைத்தால் மிஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தான், எச்சில் தொட்டு வைத்தான், இன்னொரு விரல் வைத்தான். கடைக்காரத் தம்பிக்கே அப்புறம்தான் உறைத்தது: அவனுக்கு ஆதார் எடுத்தது மூன்று வயதில். ஐந்து வயதுக்குள் எடுத்தால் போட்டோ மட்டும்தான், ரேகை எடுக்கமாட்டார்கள். ஐந்து முடிந்ததும் போய்ப் புதுப்பித்திருக்க வேண்டுமாம். யார் சொன்னார்கள் நமக்கு? ஒருநாள் சம்பளத்தை விட்டு, அவனுக்கும் லீவு போட்டு, காரைக்குடி போய் வரிசையில் நின்று எடுத்து வந்தோம். எனக்கும் அதே சீர்தான். அடுப்பிலும் ஆட்டுக்கல்லிலும் என் ரேகை எப்போதோ போய்விட்டது. மாசா மாசம் கடைக்காரத் தம்பி கண்ணைக் காட்டச் சொல்கிறான். பருப்புக்கும் பாமாயிலுக்கும் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், சத்துணவு நம்மை எதுவும் கேட்டதில்லை. தட்டு இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டது. அப்பன் யார், சம்பளம் எவ்வளவு, கார்டு எந்த ஊரில் என்று ஆயா கரண்டியைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இவனும் அதனால்தான் தைரியமாகப் போய் உட்கார்ந்திருக்கிறான் போல. அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பான்.

இப்போது ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கிறேன். ஹோட்டலில் மேனேஜரிடம் பயந்து பயந்துதான் கேட்டேன். முதல் ஈடு பணியாரம் எப்போதும் கோணல், தட்டில் வைக்கமாட்டோம், அதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று. தாராளமாக என்றார். எட்டேகாலுக்கு கானாடுகாத்தானைத் தாண்டி வருகிற டவுன் பஸ் கண்டக்டர் நம்ம ஊர்ப் பையன். அவன் கையில் கொடுத்தால் எட்டரைக்கு நம்ம ஸ்டாப்பில் ஏறுகிறவனுக்குக் கொடுத்துவிடுவான், பஸ்ஸிலேயே சாப்பிட்டுவிடலாம். இரண்டு நாள் பாலிதீன் பையில் கட்டி அனுப்பினேன். வேர்த்துக் கொழகொழத்துப் போய், துவையல் கண்டக்டர் பைக்குள் கொட்டி, டிக்கெட்டெல்லாம் சிவப்பு. அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மூஞ்சி சரியில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுப் பரணில், அண்டாக்களுக்குப் பின்னால், உன் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பச்சை எனாமல் கேரியர் இருக்கிறது. போன பொங்கலுக்குத் தூசி தட்டும்போது பார்த்தேன். மூன்று அடுக்கில் நடு அடுக்கு விளிம்பில் கொஞ்சம் எனாமல் பெயர்ந்திருக்கிறது, நான்தான் குழாயடியில் போட்டேன், ஆறாம் வகுப்பில். மூடியும் கொக்கியும் இன்னமும் கெட்டியாகத்தான் இருக்கின்றன. சாவி என்னிடம் இருந்தாலும் கேட்காமல் எடுக்கக்கூடாது. எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில் சீக்கிரம் போடு. எழுதச் சோம்பல் என்றால் பூப்படம் அனுப்பு, சரி என்று எடுத்துக்கொள்கிறேன். கும்பிடு படம் வேண்டாம்.

உன்
செல்வி