படுக்கையருகே புத்தகம் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள போதகர் வீட்டு ஐயரம்மாவுக்கும், தமிழ் டீச்சருக்கும், நூலக அண்ணனுக்கும், மாடி வீட்டுத் தங்கச்சிக்கும்,

ஸ்தோத்திரம்.

மாவுக்கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. வாசல்வரை கம்பு இல்லாமல் நடக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஊசிக்கோபுரக் கோயிலுக்குப் போய் ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வெளியே வரும்போது நிறைய பேர் "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ஆனால் உங்களிடம் சொல்ல இருந்தது வேறு. கோயில் வாசலில் நின்றபடி அதைச் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கழுவிவிட்ட படியில் வழுக்கி விழுந்து பத்து வாரம் படுக்கை. முதல் வாரம் முழுக்க செல்போனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கண் எரிந்தது, மனசு அதைவிட மோசமாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் நிறைய வாசிப்பேன். மகள் பிறந்த பிறகு வேதாகமத்தையும் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும் தவிர ஒன்றையும் எடுத்ததில்லை. பதின்மூன்று வருஷம் அப்படியே போய்விட்டது. மகள் இப்போது எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. அவர்கள் ஏதாவது கேட்டால் ஒரு வசனத்தைச் சொல்லி முடித்துவிடுவது என் வழக்கம். வசனம் தப்பில்லை. அவர்கள் கேட்டதை நான் முழுசாகக் காதில் வாங்காமலே அதைச் சொன்னேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

டீச்சர், முதலில் உங்களுக்கு. திருநீறு பூசிய நெற்றியோடு, பழுப்பேறி முதுகு கிழிந்த 'இரட்சணிய யாத்ரிக'த்தை மார்போடு அணைத்துக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. "உங்க புத்தகத்தை உங்களுக்கே வாசிச்சுக் காட்ட வந்திருக்கேன்" என்றீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எழுதிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை நம்ம ஊர்க்காரர், திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் 1827இல் பிறந்தவர். வைணவக் குடும்பம். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காவியம் 1894இல் வெளிவந்தது. இத்தனையும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அதுவரை அவருடைய தேவாரத்தைக் கோயிலில் பாடியதோடு சரி.

அவருடைய "சத்தாய் நிஷ்களமாய்" பாட்டை நான் முனகியதும், நீங்கள் சுந்தரரின் "பித்தா பிறைசூடீ"யைப் பாடினீர்கள். அங்கே "எத்தான் மறவாதே", இங்கே "எத்தால் நாயடியேன்". அங்கே "அத்தா உனக்காளாய்", இங்கே "அத்தா உன்னையல்லால்". இரண்டையும் மாறி மாறிப் பாடிக் காட்டினீர்களே, அன்று மகள் பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கார் துணை யாருறவே" என்ற வரியைச் சின்ன வயசிலிருந்து பாடியிருக்கிறேன். கால் கட்டோடு படுத்துக்கொண்டு, ஒரு சைவ அம்மாவின் குரலில் கேட்டபோதுதான் அது என் நெஞ்சில் இறங்கியது. கம்பனைப் படித்து ஊறிய கிருஷ்ண பிள்ளையின் மனசு அந்தச் செய்யுளுக்குள் எங்கெங்கே எட்டிப் பார்க்கிறது என்று நீங்கள் காட்டிக்கொண்டே போனதை நான் கொஞ்சந்தான் பிடித்துக்கொண்டேன். மறுபடி சொல்லித் தர வேண்டும்.

அப்புறம் நமக்குள் ஒரு சண்டை வந்ததே, அதற்கும் நன்றி. அந்தக் காவியத்துக்கு மூலமான ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணத்தில், பயணி பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுகிறான். அவர்கள் பின்னால் கூப்பிட, விரலால் காதை அடைத்துக்கொண்டு "ஜீவன், ஜீவன், நித்திய ஜீவன்" என்று கத்திக்கொண்டே போகிறான். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் நான் அவனோடு சேர்ந்து ஓடினேன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாகக் கேட்கும்போது நான் வாசல்படியில் நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளைகள் அன்று ராத்திரி என்ன சாப்பிட்டார்கள்? "இந்தக் கதையை என் பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டேன் டீச்சர்" என்று கோபமாகவே சொன்னேன்.

நீங்கள் பதில் பேசவில்லை. மறுநாள் வந்து பன்யனைப் பற்றிச் சொன்னீர்கள். அனுமதியில்லாமல் பிரசங்கம் பண்ணினார் என்று பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தார்கள். இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போயிருக்கலாம். வீட்டில் மூத்த மகள் மேரிக்குக் கண் தெரியாது. மனைவி பிள்ளைகளை, அதிலும் அந்தப் பிள்ளையைப் பிரிந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சிறைக்குள் உட்கார்ந்து காலணிக் கயிறு செய்து விற்று, வீட்டுச் செலவுக்குக் கொடுத்திருக்கிறார். காதை அடைத்துக்கொண்டு ஓடுகிறவனை எழுதிய கைதான் அந்தக் கயிற்றையும் முறுக்கியது. இதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம் போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தோடு அழுகையும் வந்தது.

நூலக அண்ணன், இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். 1678இல் வந்த முதல் பாகத்துக்கு ஆறு வருஷம் கழித்து பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார், அதில் அந்த மனைவி கிறிஸ்தியானாள் நான்கு மகன்களையும் கூட்டிக்கொண்டு தானே புறப்படுகிறாள் என்று டீச்சர் சொன்னதும், என் வீட்டுக்காரரை மாவட்ட மைய நூலகத்துக்கு அனுப்பினேன். இரண்டு பாகமும் சேர்ந்த ஆங்கிலப் பதிப்பை அடுக்கின் அடியிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தீர்களாம். மூன்று முறை நீட்டித்தும் தந்தீர்கள். நான் பகலில் அகராதியை வைத்துக்கொண்டு வாசிப்பேன். ராத்திரி மகனுக்குத் தமிழில் கதையாகச் சொல்லுவேன். மூத்த பையன் மத்தேயு, பெயல்செபூலின் தோட்டத்து மரத்துக் காயைத் தின்றுவிட்டு வயிற்றுவலியில் துடிக்கிற இடத்தை என் மகன் திரும்பத் திரும்பக் கேட்டான். முதல் பயணி தனியாகப் போனான். இந்த அம்மா பிள்ளைகளின் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாகப் போகிறாள், அங்கங்கே தங்குகிறாள், வழியில் பிள்ளைகள் வளருகிறார்கள். எனக்கு இந்தப் பாகம்தான் பிடித்திருக்கிறது.

ஐயரம்மா, நீங்கள் கருப்பட்டிக் காப்பியோடு கொண்டுவந்த சின்னப் புத்தகம் பண்டித ராமாபாய் 1907இல் தன் விசுவாச வாழ்க்கையைப் பற்றி எழுதிய சாட்சி. 'ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்' என்றீர்கள். எனக்கு நான்கு நாள் ஆனது. முதல் பக்கங்களிலேயே நின்றுவிட்டேன். அவருடைய அப்பா அனந்த சாஸ்திரி தன் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார் என்பதற்காகவே எவ்வளவோ பாடுபட்டிருக்கிறார். ராமாபாய்க்கு எட்டு வயது ஆனபோது அந்த அம்மா, தான் கற்றதை மகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். பதினைந்து வயதுவரை. பிறகு பஞ்சம் வந்து அப்பாவும் அம்மாவும் அக்காவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அண்ணனும் தங்கையும் நாடு முழுக்க நடந்தார்கள். கல்கத்தாப் பண்டிதர்களே அவருடைய புலமைக்குப் பட்டம் கொடுத்தார்கள் என்றால், அது ஒரு அம்மா மகளுக்குக் கொடுத்த பாடம்.

கணவர் 1882இல் காலராவில் போனபோது கைக்குழந்தை மனோரமா. அந்தக் குழந்தையோடு கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய், 1883இல் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே தன்னை வழிநடத்தியவர்கள் சொன்னதையெல்லாம் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளவில்லை, விடாமல் கேள்வி கேட்டார். எனக்கு இது பெரிய ஆறுதல். விசுவாசமுள்ள ஒரு பெண் கேள்வியும் கேட்கலாம், அதற்காகக் கர்த்தர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று என் மகளிடம் அன்றைக்கே சொன்னேன். பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் ஊரில் முக்தி என்ற வீட்டைத் தொடங்கி, பஞ்சத்தில் தப்பிய பெண்களையும் விதவைகளையும் அங்கே சேர்த்தார். படிக்காத பெண்களுக்கும் புரிகிற மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். மகள் மனோரமா 1921இல் இறந்தார். மறுவருஷம் ராமாபாயும் போனார், மொழிபெயர்ப்பு வேலையை முடித்துவிட்டு. அந்தக் கடைசி வருஷம் அவர் எப்படி மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்தபடி ஒரு ராத்திரி தூங்கவில்லை.

நம்ம பாளையங்கோட்டையிலேயே பாப்பாத்தியம்மாள் கோயில் இருக்கிறதே, தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை குளோரிந்தா கட்டியது, 1785இல். அந்த வழியாக எத்தனை தடவை காய்கறிப் பையோடு போயிருப்பேன்! ராமாபாயை வாசித்த பிறகு அதன் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிஷம் பார்த்தேன்.

இனி மாடி வீட்டுத் தங்கச்சிக்கு. உனக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. நீ கல்லூரியில் படிக்கிற 'கருக்கு' புத்தகத்தை என் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு, "அக்கா, கோபப்படாம வாசிங்க" என்று சொல்லிப் போனாய். பாமா எழுதியது, 1992இல் வந்தது. நான் கோபப்பட்டேன். கோயிலையும் கன்னியர் மடத்தையும் பற்றி இப்படி எழுதலாமா என்று மூடி வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது, பாட்டிக்கு உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிற இடம் வந்தது. வீட்டுக்காரப் பெண் நாலடி உயரத்தில் இருந்து ஊற்ற, பாட்டி கையைக் குவித்துக் குடிக்கிறாள்.

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். "நம்ம ஆச்சி வீட்லயும் இப்படியாம்மா?" என்று கேட்டாள். வாயில் வசனம் வந்தது. யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, எல்லாரும் ஒன்று என்கிற வசனம். அதைச் சொல்லி முடித்திருக்கலாம். இந்தத் தடவை சொல்லவில்லை. எங்கள் அம்மா வீட்டுப் பின்வாசல் ஜன்னலில் ஒரு அலுமினிய டம்ளர் எப்போதும் கவிழ்ந்திருக்கும். வேலைக்கு வருகிற அக்காவுக்கு மட்டும் அது. அந்த அக்காவும் எங்கள் கோயிலில் எங்களோடு ராப்போஜனம் எடுக்கிறவர். ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வேறு டம்ளர்.

"நீயும் ஊத்துனியா?" என்றாள் மகள்.

"ஊத்துனேன்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அந்த ஒரு மணி நேரத்தைப் போல ஒரு நேரம் எனக்கு இனி வர வேண்டாம். ஆனால் பொய் சொல்லியிருந்தால் அதைவிடக் கேடு. பனை மட்டையின் ஓரத்து அரம்தான் கருக்கு. சின்ன வயசில் விறகு பொறுக்கும்போது அது கீறியதை பாமா சொல்கிறார். நம்ம வேதாகமத்தில் எபிரெயர் நாலாம் அதிகாரத்தில் "இருபுறமும் கருக்குள்ள எந்தப் பட்டயத்திலும் கருக்கானதாயும்" என்று வருகிறதே, சின்னதிலிருந்து மனப்பாடம் பண்ணிய வசனம், அதே வார்த்தை. வெட்டப்படுவது நானாக இருக்கும் என்று நினைத்து நான் அதை ஒருநாளும் ஒப்பித்ததில்லை.

கட்டுப் பிரித்த அன்று, சித்தியிடம் நம்பர் வாங்கி அந்த அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவர் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். டம்ளரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கால் எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டார். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை. மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி என் கால்மாட்டில் வந்து படுத்துக்கொண்டாள். தங்கச்சி, நீ அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகாவிட்டால் இது நடந்திருக்காது.

மூன்று வேளையும் சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் அனுப்பிய மதினிக்கும், தரையில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போன பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும், காலையில் பிள்ளைகளுக்குத் தலைசீவி அனுப்பிய என் வீட்டுக்காரருக்கும் நன்றி. உங்கள் உதவியால்தான் எனக்கு வாசிக்க நேரம் கிடைத்தது.

டீச்சர், உங்கள் 'இரட்சணிய யாத்ரிக'த்தை பைண்டிங் செய்யும் தாத்தாவிடம் கொடுத்து வாங்கிவிட்டேன். உதிர்ந்த பக்கங்களையெல்லாம் வரிசை பார்த்துத் தைத்து, சிவப்புக் காலிகோ போட்டிருக்கிறார். கூலி வாங்கமாட்டேன் என்றார்; கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். புதன்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது விட்ட இடத்திலிருந்து பாடவும் வேண்டும், மகள் கேட்கச் சொன்னாள்.

நூலக அண்ணன், கிறிஸ்தியானாளும் பிள்ளைகளும் இன்னும் கதை முடிகிற ஆற்றங்கரைக்கு வந்து சேரவில்லை. இன்னொரு தடவை நீட்டித்துத் தாருங்கள். இந்த முறை நானே நடந்து வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அம்மா