நட்கிராக்கரோடு விளையாடியவர்கள்: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

நான் அனுப்பிய டியூக் எலிங்டன் ஜாஸ் குழுவின் பதிவைக் கேட்டுவிட்டு, “மாமா, இவர்கள் சைக்கோவ்ஸ்கியைக் கேலி செய்கிறார்கள்” என்று எழுதியிருந்தாய். ‘நட்கிராக்கர்’ பாலே நடனத்துக்காக அந்த ரஷ்ய இசையமைப்பாளர் எழுதிய மெட்டுகளை மாதக்கணக்கில் பியானோவில் பயின்றவள் நீ என்பதால் உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் டியூக் எலிங்டன் 1960இல் தம் குழுவோடு பதிவு செய்த ‘நட்கிராக்கர் சூட்’ முழுவதும் விளையாட்டுதான் என்றாலும், மூலத்தைச் சுரம் சுரமாக அறிந்து நேசித்தவர்களுக்கு மட்டுமே கைவரக்கூடிய விளையாட்டு அது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உனக்கு மிகவும் பிடித்த சர்க்கரைத் தேவதையின் நடனத்தையே எடுத்துக்கொள்வோம். 1891இல் பாரிஸில், மணியோசை தரும் செலஸ்டா என்ற புது வாத்தியத்தைக் கண்டு மயங்கிய சைக்கோவ்ஸ்கி, சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்வார்களே என்று அஞ்சி, அதை ரகசியமாக ரஷ்யாவுக்கு வரவழைக்கும்படி தம் பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டார். புதிய பொம்மை கிடைத்த குழந்தையின் பரபரப்பு அவரிடமும் இருந்திருக்கிறது, பார். அந்தச் செலஸ்டாவைத்தான் அவர் இந்த நடனத்தில் பயன்படுத்தினார். எலிங்டன் குழு அதை எடுத்துவிட்டு, மெட்டை டெனர் சாக்ஸபோன்களிடம் கொடுத்துவிட்டது. சாம் வுட்யார்டின் டிரம்ஸ் அடியில் நிதானமாக நடக்க, மணி மணியாகக் கண்ணாடிபோல் உதிர்ந்த சுரங்கள் இங்கே மூச்சுக்காற்றின் ஈரத்தோடு, தூக்கக் கலக்கத்தில் படியிறங்கி வருபவரைப் போலத் தயங்கித் தயங்கி வருகின்றன. மெட்டு இன்னதென்று யாருக்கும் தெரிந்துவிடும். தேவதைதான் ஆள் மாறிவிட்டாள். அதனால்தான் ‘சுகர் பிளம் ஃபேரி’ என்ற அவள் ஆங்கிலப் பெயரைத் திரித்து, தலைப்பும் ‘சுகர் ரம் செர்ரி’ ஆயிற்று.

அணிவகுப்பு இசைக்கு ‘பீனட் பிரிட்டில் பிரிகேட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடலை மிட்டாய்ப் படை! அதில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்டும் பால் கொன்சால்வெஸின் சாக்ஸபோனும் தனித்து ஒலிக்கும் இடங்களை மறுபடி கேள். மலர்களின் வால்ட்ஸில் இன்னும் துணிச்சலான காரியம் நடக்கிறது. மூன்றெண்ணிக்கையில் சுழலும் அந்த நடனத்தை நான்கெண்ணிக்கைக்கு மாற்றியிருக்கிறார்கள். மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், ஒவ்வொரு சொற்றொடரிலும் எந்தச் சுரத்தை நீட்டினார்கள், எந்த இடத்தில் மூச்சு விட்டார்கள் என்பது உனக்கே பிடிபடும். கடைசியில் வரும் அரபு நடனத்தில் ரஸ்ஸல் புரோகோப் ஊதும் மூங்கில் குழலைத் தவறவிட்டுவிடாதே.

இன்னொரு செய்தியையும் நீ அறிய வேண்டும். இந்தத் தொகுப்பை எலிங்டனோடு சேர்ந்து மறுஆக்கம் செய்தவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். 1938இல் எலிங்டனைச் சந்தித்ததிலிருந்து 1967இல் மறையும் வரை, குழுவின் இசையில் பெரும்பங்கு அவருடையதாக இருந்தும், மேடை வெளிச்சம் அவர்மீது அரிதாகவே விழுந்தது. இந்த இசைத்தட்டின் அட்டையில் எலிங்டன், சைக்கோவ்ஸ்கி ஆகியோரோடு அவர் பெயரும் இடம்பெற்றது. அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

விடுமுறைக்கு வரும்போது சர்க்கரைத் தேவதையின் நடனத்தை உன் பியானோவில் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. முதலில் சைக்கோவ்ஸ்கி எழுதிய வேகத்தில் வாசி. பிறகு, உனக்கு மனமிருந்தால், வுட்யார்டின் நடைக்கு இறங்கி வாசி.

அன்புடன்,
மாமா