படிவத்தில் வரும் எண்ணெல்லாம் எண் அல்ல

ஆசிரியருக்கு,

இணையப் படிவத்தில் ஆண்டு வருமானம் 1,25,000 என்று நிரப்பினால் ரசீதில் 1 ரூபாய் என வருகிறதா? நிரப்பியவர் மேல் தப்பில்லை. இணையதளங்களை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் அந்த மதிப்பை அப்படியே முழு எண்ணாக மாற்றினால், முதல் காற்புள்ளியோடு வாசிப்பு நின்றுவிடும்.

படிவத்திலிருந்து சர்வருக்கு எது வந்தாலும் வெறும் எழுத்தாகத்தான் வரும். அதைப் பார்த்து எண்ணா எழுத்தா என்று ஊகித்து, எண் என்றால் மேற்கோள்குறி இல்லாமல் வினவலில் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில்) ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. 044 என்ற எஸ்டிடி எண் 44 ஆகிவிடும். கதவு எண் 7க்கும் 2க்கும் நடுவே ஆங்கில 'ஈ' இருந்தால், ஏழு பெருக்கல் நூறு என்று கொண்டு 700 எனப் பதிவாகும். பெயரில் ஒற்றை மேற்கோள்குறி வந்தாலோ வினவலே உடையும். விஷமிகளுக்கு அதுவே வாசல்.

வகையைச் சொல்ல வேண்டியது வந்த மதிப்பு அல்ல, அதைச் சேமிக்கும் தரவுத்தள அட்டவணை. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், அட்டவணைகளின் விவரம் இருக்கும் 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வில் ஒவ்வொரு நெடுவரிசையின் வகை, நீளம், காலியாக விடலாமா என்பதெல்லாம் இருக்கிறது. அதை ஒருமுறை படித்து வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலில் இல்லாத புலப்பெயரைத் தள்ளிவிட வேண்டும். வினவலில் கேள்விக்குறி போட்டு இடம் விட்டு, நெடுவரிசைப் பெயரைத் தனியே அனுப்ப முடியாது என்பதால் இந்தச் சோதனை கட்டாயம். மதிப்புகளை மட்டும் அப்படித் தனியே, 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' எனும் முன்தயாரித்த வினவல் வழியே அனுப்பலாம். பணத் தொகையை டெசிமல் (துல்லியமான தசம எண்) வகை நெடுவரிசைக்கு எழுத்தாகவே அனுப்புவது நல்லது. தசமத்தைத் தோராயமாக வைக்கும் மிதவை எண்ணாக்கினால் பைசா பிசகும். காலிப் புலத்தை 0 ஆக்காமல் 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்க வேண்டும்.

அட்டவணையே தப்பாக இருந்தால் இதெல்லாம் வீண். சாதாரண இன்டீஜர் (முழு எண்) வகையின் உச்சம் 2147483647. நம் கைபேசி எண்கள் எல்லாமே அதைத் தாண்டியவை. பொருந்தாத மதிப்பை மறுக்கும் 'கண்டிப்பு முறை' அணைந்திருந்தால் ஊரில் எல்லோருக்கும் அந்த ஒரே எண் பதிவாகும், மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பு முதல் அந்த முறை இயல்பாகவே இயங்குவதால் பிழைச்செய்தியாவது வரும். கூட்டிக் கழிக்காத எண் எதுவானாலும், ஆதார் உட்பட, எழுத்து வகையில்தான் வைக்க வேண்டும்.

தேதிக்குத் தனிக் கவனம் தேவை. பிஎச்பியில் தேதியைப் படிக்கும் 'ஸ்ட்ர்டுடைம்' என்ற செயற்கூறு 03/04/2025 என்பதை மார்ச் 4 என்றும், 03-04-2025 என்பதை ஏப்ரல் 3 என்றும் படிக்கும். வடிவத்தைக் குறிப்பிட்டுப் படித்தாலும் 2025 பிப்ரவரி 31 சத்தமில்லாமல் மார்ச் 3 ஆகிவிடும். படித்த தேதியைத் திரும்ப அதே வடிவில் எழுதி, வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சேமிக்க வேண்டும்.

இணைய நிரலர் ஒருவர்,
கோயம்புத்தூர்