முதல் அணியே இன்னும் பறக்கவில்லை: லாகோஸ் விமான நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமை, பொங்கலன்று காலை, உங்கள் புதிய விளம்பரம் என் போனுக்கு வந்தது. ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பெல்லர் பயணி விமானத்தை ஓட்டுவதற்கு இரண்டாம் அணி பைலட்கள் தேவை, தேர்வுக்கான சிமுலேட்டர் (தரையிலேயே பறந்து பழகும் மாதிரி காக்பிட்) செலவு விண்ணப்பிப்பவருடையது, தேர்வானவர்கள் உடனே சேரலாம் என்று போட்டிருந்தது. முதல் அணியில் நாங்கள் இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறோம். எங்களில் ஒருவர்கூட உங்கள் விமானத்தில் ஒரு நிமிடம் பறந்ததில்லை. ஓட்டுவதற்கு விமானமே இன்னும் வந்து சேரவில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆங்கிலத்தில் நான் அனுப்பிய பதினோரு மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பியவன் மதுரைக்காரத் தம்பி ஒருவன். "அண்ணே, நீங்க அங்கதான இருக்கீங்க? நானும் அப்ளிகேஷன் போடலாமா?" என்று கேட்டிருந்தான். என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்களிடம் கேட்க வேண்டியதும் அவனிடம் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான் என்று பட்டது. இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வரும்.

எங்கள் கோரிக்கை மிகச் சிறியது. விமான சேவை நடத்துவதற்கான அரசு அனுமதியான ஏஓசி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, முதல் விமானம் எப்போது வரும் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்க முடியாவிட்டால், பாண்டிலிருந்து, அதாவது நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்திலிருந்து, எங்களை விடுவித்து, வேறு இடத்தில் சேர ஆட்சேபம் இல்லை என்ற கடிதமான என்ஓசியைக் கொடுங்கள்.

புதிதாக ஒரு விமான நிறுவனம் தொடங்குவது எவ்வளவு கடினம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஏஓசி வாங்க ஐந்து கட்டங்களைத் தாண்ட வேண்டும். நிறுவனத்தின் கையேடுகளை நைஜீரிய விமானப் போக்குவரத்து ஆணையம் வரிக்கு வரி பார்க்கும். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பும். அதன்பின் பயணிகள் இல்லாமல் பறந்து காட்ட வேண்டும். அதற்கு விமானம் வேண்டும், விமானத்தைக் குத்தகைக்குக் கொடுப்பவர் டாலரில் முன்பணம் கேட்பார். 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். அதுவரை ஒரு டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது, 2024 பிப்ரவரியில் 1500-ஐத் தாண்டிவிட்டது. டிக்கெட்டை நைராவில் விற்று வாடகையை டாலரில் கட்ட வேண்டிய நிறுவனத்துக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று எங்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். அதனால்தான் 2023 டிசம்பர் என்றீர்கள், காத்திருந்தோம். 2024 ஈஸ்டர் என்றீர்கள், காத்திருந்தோம். ஏப்ரலில் பாதிச் சம்பளம் என்றபோதும் ஒத்துக்கொண்டோம். செப்டம்பரோடு அந்தப் பாதியும் நின்றது. அதன்பின் தேதி சொல்வதையும் நிறுத்திவிட்டீர்கள்.

சம்பளத்தைப் பற்றி இந்த மடலில் இதற்கு மேல் எழுதப் போவதில்லை. பணத்தை என்றைக்காவது கொடுத்துத் தீர்த்துவிடலாம். நீங்கள் கொடுத்தாலும் திரும்பி வராத ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எழுத்தர் வேலைக்கு எடுத்தவரை ஒன்றரை வருடம் சும்மா உட்கார வைத்தால் அவருக்கு நஷ்டம்தான். ஆனால் அவருடைய கை எழுத்தை மறந்துவிடாது. பைலட்டின் கதை வேறு. 90 நாளில் குறைந்தது 3 டேக்ஆஃப், 3 லேண்டிங் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயணிகளோடு பறக்க முடியாது. அது போனால் சிமுலேட்டரில் உட்கார்ந்து மீட்க வேண்டும். இன்னும் தள்ளிப்போனால், அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதிச் சான்றான ரேட்டிங்கே காலாவதியாகிவிடும். பிறகு பயிற்சி, தேர்வு எல்லாம் மறுபடியும். இதற்கெல்லாம் மேலே, வேறு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது பறந்தீர்கள்?" என்பதுதான். ஆறு மாதத்துக்குள் என்றால் உட்காரச் சொல்வார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் எங்களை வேறு எங்கும் வேலைக்கு ஆகாதவர்களாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

பறந்த கணக்கை எழுதி வைக்கும் என் லாக் புக்கில் கடைசி வரி 2023 ஆகஸ்ட் 28. தூத்துக்குடியிலிருந்து சென்னை, மாலை நேரம். ஏறித் திரும்பும்போது உப்பளங்கள் வெயிலில் கண்ணாடிச் சில்லுகள் மாதிரி தெரிந்தன. அந்த வரிக்குக் கீழே பதினாறு மாதமாக ஒன்றும் இல்லை. அந்த வேலையை எப்படி விட்டேன் என்பதும் உங்கள் கோப்பில் இருக்கிறது. இந்தியாவில் கோ-பைலட் வேலையை விட ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கேப்டன் என்றால் ஒரு வருடம். 2023 பிப்ரவரியில் நீங்கள் தந்த ஆஃபர் லெட்டரை நம்பித்தான் நோட்டீஸ் கொடுத்தேன். ஆகஸ்ட் வரை பறந்தேன், செப்டம்பரில் லாகோஸ் வந்து இறங்கினேன். "நீங்கள் வரும் நேரத்தில் விமானமும் வந்திருக்கும்" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். நான் வந்துவிட்டேன்.

லாகோஸின் இக்கேஜா பகுதியில் நீங்கள் எடுத்துக் கொடுத்த வீட்டில், என் அறையின் சுவரில் ஒரு காக்பிட் ஒட்டியிருக்கிறது. இங்கே உள்ள கம்ப்யூட்டர் வில்லேஜ் சந்தையில் ஒரு கடையில் பணம் கொடுத்து ஃபிளெக்ஸில் அச்சடித்தது. அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு நானும் என் அறைத்தோழரும் தினமும் மாலை ஆறு மணிக்கு உட்காருகிறோம். கரண்ட் போனால் போன் வெளிச்சத்தில் தொடருவோம். டேக்ஆஃபில் ஒரு என்ஜின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கூப்பிட வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும். அப்டிரிம் (மற்ற என்ஜினின் சக்தி தானாகக் கூடுவது), ஆட்டோஃபெதர் (நின்ற என்ஜினின் புரொப்பெல்லர் தகடுகள் காற்றைத் தடுக்காதபடி தானாகத் திரும்புவது). உயரம் பிடித்தபின் பவர் லீவரைப் பின்னுக்கு இழுத்து, புரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவரை முதலில் ஃபெதருக்கும் பிறகு ஃபியூயல் ஷட்ஆஃபுக்கும் கொண்டுபோக வேண்டும். காகிதத்தில் எதுவும் நகராது. விரல்தான் நகரும். ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரே இடத்தைத் தொட்டுத் தொட்டு, கண்டிஷன் லீவர் இருந்த இடத்தில் மை தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. சென்ற மாதம் அந்த இடத்தில் என் தோழர் பேனாவால் கோடு போட்டு லீவரைத் திரும்ப வரைந்தார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தத் தோழர் வடக்கு நைஜீரியாவின் கடுனாக்காரர். ஜாரியாவில் உள்ள அரசு விமானப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். லைசென்ஸ் வாங்கியபின் முதல் வேலைக்காக ஐந்து வருடம் அலைந்தவர். எனக்காவது பறந்த அனுபவம் கொஞ்சம் இருக்கிறது. அவர் உங்கள் பாண்டில் கையெழுத்துப் போட்டது அவர் வாழ்க்கையின் முதல் பைலட் வேலைக்காக. டைப் ரேட்டிங்குக்காக ஜோகன்னஸ்பர்க் அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. அந்த ரேட்டிங்கை நிஜ விமானத்தில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமலே அது காலாவதி ஆகப் போகிறது. வேறு இடத்தில் முயற்சி செய்யலாம் என்றால் பாண்ட் தடுக்கிறது. 25,000 டாலர் கட்டிவிட்டுப் போ என்கிறது. பறக்க வைக்காத நிறுவனம், பறக்கப் போகிறவனிடம் பயிற்சிச் செலவைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அதைவிடப் பெரிதாக இருப்பது வேறு ஒரு வருத்தம். உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது, விமானப் போக்குவரத்தில் அதன் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான். தங்கள் வானத்தை ஒருவருக்கொருவர் திறந்துவிடுவதாக ஆப்பிரிக்க நாடுகள் 1999-இல் ஐவரி கோஸ்டின் யமுசூக்ரோவில் முடிவெடுத்தன. அதைச் செயல்படுத்த 2018 ஜனவரியில் ஆப்பிரிக்க விமானப் போக்குவரத்துக்கான ஒற்றைச் சந்தைத் திட்டத்தையும் தொடங்கினார்கள். இன்றும் பக்கத்து நாட்டுக்குப் போக மூன்றாவது நாட்டைச் சுற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இபாதானுக்கும் அகுரேவுக்கும் இலோரினுக்கும் ஏடிஆர் மாதிரி விமானம் எவ்வளவு பொருத்தம் என்று நேர்காணலில் நீங்கள் ஒரு மணி நேரம் விளக்கினீர்கள். நான் அதை நம்பித்தான் வந்தேன். இன்னும் நம்புகிறேன். அந்த ஊர்களுக்கு விமானம் வேண்டும்.

ஆனால் இந்த நாட்டு மக்கள் ஏமாந்த கதையும் எனக்கு இங்கே வந்தபின் தெரிந்தது. 1958-இல் தொடங்கிய தேசிய விமான நிறுவனமான நைஜீரியா ஏர்வேஸ் 2003-இல் மூடப்பட்டது. அதன் ஊழியர்கள் பலருக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி 2018-இல்தான் கிடைத்தது. அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். அதே 2018 ஜூலையில், லண்டனுக்கு அருகே ஃபார்ன்பரோ கண்காட்சியில், நைஜீரியா ஏர் என்று புதிய தேசிய நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் வெளியிட்டார்கள். இரண்டே மாதத்தில் நிறுத்தி வைத்தார்கள். 2023 மே மாதம், ஆட்சி மாறுவதற்குச் சில நாட்கள் முன்பு, எத்தியோப்பியாவின் விமானம் ஒன்றுக்கு அந்தப் பெயரையும் நிறத்தையும் பூசி அபுஜாவில் கொண்டுவந்து இறக்கிக் காட்டினார்கள். அதே வருடம் புதிய அமைச்சர் திட்டத்தை நிறுத்திவிட்டார். இவற்றையெல்லாம் பார்த்து அலுத்துப்போன ஊரில்தான் நீங்கள் புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறீர்கள். கடைக்காரர் முதல் டாக்ஸிக்காரர் வரை, நான் எந்த நிறுவனம் என்று சொன்னதும், "அது பறக்குதா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நாட்டின் கணக்கை உங்களிடம் கேட்பது முறையில்லை. எங்கள் கணக்கை மட்டும் கேட்கிறேன்.

இரண்டாம் அணியை எதற்காக எடுக்கிறீர்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு காரணம்தான் தெரிகிறது. ஆணையத்தின் முன் காட்டத் தகுதியுள்ள பைலட்களின் பட்டியல் வேண்டும். எங்கள் தகுதி போய்விட்டது, அதனால் தகுதி போகாத புதியவர்களின் பெயர் தேவைப்படுகிறது. இது தவறான ஊகம் என்றால் தயவுசெய்து மறுத்து எழுதுங்கள், மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறேன். சரியான ஊகம் என்றால், எங்களைச் சிமுலேட்டருக்கு அனுப்பித் தகுதியை மீட்டுக் கொடுப்பதுதானே முதலில் செய்ய வேண்டியது? மதுரையிலிருந்து இன்னொரு பையனை நோட்டீஸ் கொடுக்க வைத்து, அவன் காசிலேயே தேர்வு எழுத வைத்து, இன்னொரு சுவரில் இன்னொரு ஃபிளெக்ஸை ஒட்ட வைப்பது எதற்கு?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். ஏஓசி எந்தக் கட்டத்தில் நிற்கிறது, விமானக் குத்தகை கையெழுத்தாகிவிட்டதா, முதல் விமானம் எப்போது வரும் என்பதை ஜனவரி 31-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றாலும் பரவாயில்லை, அதையே எழுதுங்கள். உண்மையான தேதி என்று தெரிந்தால் காத்திருக்கத் தயாராக இருப்பவர்கள் எங்களில் பாதிப் பேர். மற்றவர்களுக்குப் பாண்டை ரத்து செய்து என்ஓசி கொடுங்கள். முதல் அணியின் நிலை தெளிவாகும்வரை இரண்டாம் அணிக்கான விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள். விண்ணப்பித்தவர்கள் யாராவது ஏற்கெனவே வேலையை விட நோட்டீஸ் கொடுத்திருந்தால், அதைத் திரும்பப் பெறச் சொல்லி இன்றே அவர்களுக்கு எழுதுங்கள்.

மதுரைத் தம்பிக்கு நேற்று இரவு பதில் எழுதிவிட்டேன். "இப்போதைக்கு நோட்டீஸ் கொடுக்காதே. பதில் வந்ததும் உனக்கு அனுப்புகிறேன்" என்றேன். உங்கள் பதிலுக்காக அவனும் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
முதல் அணியைச் சேர்ந்த கோ-பைலட் ஒருவன்
இக்கேஜா, லாகோஸ்
2025 ஜனவரி 17