34 அங்குலக் கிற்றாருக்குக் குறுங்கம்பி: நான்காவது முறைப்பாடு

அனுப்புநர்: வாடிக்கையாளர், கோண்டாவில், யாழ்ப்பாணம்.
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், கொழும்பு.

விடயம்: பேஸ் கிற்றாருக்குத் தவறான அளவுக் கம்பி அனுப்பியமையும் அதன் பின் நடந்தவையும்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

இது என் நான்காவது முறைப்பாடு. முதல் மூன்றையும் தொலைபேசியில் சொன்னேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இலக்கம் தந்தீர்கள். கம்பி மட்டும் தரவில்லை. எனவே இம்முறை எழுத்தில் தருகிறேன்.

போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை. "கம்பியை நேரில் கொண்டுவந்து காட்டினால் அன்றைக்கே மாற்றித் தருவோம்" என்று உங்கள் ஊழியர் ஒருவர் நாளும் குறித்துத் தந்தார். இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் நிமிர்ந்தபடி இருந்து, விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, ஓட்டோ பிடித்து உங்கள் வாசலுக்கு வந்தால் கதவில் பூட்டு. "இன்றைக்குப் போயா அல்லவா?" என்றார் காவலாளி. நாட்காட்டியைப் பார்க்காதது என் பிழைதான். ஆனால் நாளைக் குறித்தது நான் அல்லவே! அந்தக் காவலாளி தன் போத்தலில் இருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். உங்கள் நிறுவனத்தில் என்னை மனிதனாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஏதாவது சம்பள உயர்வு கொடுங்கள்.

இனி, நான் எதை வாங்கினேன் என்பதைச் சொல்கிறேன். உங்கள் பொருளை நீங்கள் அறிவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நாளும் இதை விளக்காமல் இருந்தேன்.

கம்பியை அவசரத்தில் வாங்குகிறவன் அல்லன் நான். 18 வருடமாக உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்டில்தான் வாசித்தேன். புதிதில் அதன் ஓசை வெண்கலம்போலக் கணீரென்று இருக்கும். எங்கள் உப்புக் காற்றிலும் என் கை வியர்வையிலும் இரண்டு மாதத்தில் மங்கிப்போகும். நான்காம் மாதம் வரை மனத்தைத் தேற்றிக்கொண்டு வாசிப்பேன். விரல் நகரும்போது எழும் கீச்சொலி வேறு. கோவில் வீதி ஒலிபெருக்கியில் அது பாடகரின் மூச்சைவிடத் தெளிவாகக் கேட்கும். துருப்பிடிக்காத உருக்கில் சுற்றியது இன்னும் பளிச்சென்று ஒலிக்கும், ஆனால் கிற்றார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டை அரித்துவிடும். நைலோன் நாடா சுற்றியது கைக்குச் சுகம். எங்கள் மேடைகளின் இரைச்சலில் அது அமிழ்ந்துபோகும். ஆகவே தட்டை நாடா சுற்றிய பிளாட்வவுண்ட் என்று முடிவெடுத்தேன். விரலுக்கு வழுவழுப்பு, ஓசையில் ஒரு கனம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். விலை இரு மடங்குக்கு மேல். ஆனாலும் வருடத்துக்கு மூன்று செற் வாங்குவதை எண்ணிப் பார்த்து, 19,500 ரூபாவை உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் கட்டினேன். பற்றுச்சீட்டில் தெளிவாக இருக்கிறது: நான்கு கம்பி, தடிப்பு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 45 முதல் 105 வரை, நீண்ட அளவு.

பெட்டியிலும் நீண்ட அளவு என்றுதான் அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்ததுதான் வேறு. மிகத் தடித்த ஈ கம்பியைக் கிற்றாரின் அடிப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில் கோத்து இழுத்தேன். தடித்த சுற்று, கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் நட்டுக்கு நான்கு விரற்கடை இருக்கும்போதே முடிந்துவிட்டது. பட்டுநூல் சுற்றிய மெல்லிய வால், முதலாம் ஃபிரெட்டுக்கும் இரண்டாம் ஃபிரெட்டுக்கும் நடுவிலேயே தொடங்கிக் கிடந்தது. வெறும் கம்பியைத் தட்டினால் தொண்டை கட்டியவன் இருமுவது போல ஒரு சத்தம். பாயில் விரித்து அளந்து பார்த்தேன்: முனைக் குமிழிலிருந்து பட்டுநூல் வரை முப்பத்திரண்டரை அங்குலம். அது 30 அங்குலக் குறும் பேஸுக்கு உரிய கம்பி. வயலின் வடிவ ஹொஃப்னர் பேஸ் வைத்திருப்பவருக்கு நன்றாகப் பொருந்தும். என்னுடையது, பிரிட்ஜிலிருந்து நட்டு வரை, 34 அங்குலம். 1951இல் ஃபெண்டர் நிறுவனத்தின் பிரெசிஷன் பேஸ் வந்ததிலிருந்து உலகத்தில் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுதான் அளவு. இது நான் கண்டுபிடித்த இரகசியம் அல்ல.

இதைச் சொன்னபோதுதான் உங்கள் ஊழியர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "தம்பி, உங்கள் அளவுநாடா சரியானதா?"

ஐயா, எனக்கு வயது 46. அவருடைய குரலைக் கேட்டால் என் மூத்த மகனைவிட இளையவர் போலிருந்தது. தம்பி என்றதைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாடா என் மனைவியுடையது. அரைவாசி ஒழுங்கைக்கு அவர்தான் சட்டை தைக்கிறார். அந்த நாடாவால் அளந்து தைத்த சட்டை எதுவும் இதுவரை குறுகியதில்லை. அத்தோடும் விட்டாரா? "கம்பி எல்லாம் கம்பிதானே, கொஞ்சம் இழுத்துக் கட்டிப் பாருங்கள்" என்றார். கம்பி விற்கும் நிறுவனத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொல்பவரை என்ன செய்வது? பிறகு, "பூட்டிப் பார்த்துவிட்டீர்கள், இனித் திருப்பி எடுக்கமாட்டோம்" என்றும் சொன்னார். நான் கம்பியை வெட்டவில்லை. பூட்டாமல் பொருந்தாது என்று எப்படித் தெரியும்?

கிளைக்குப் போனால் தலைமை அலுவலகம் என்கிறார்கள். தலைமை அலுவலகத்தைக் கேட்டால் கிளை என்கிறீர்கள். நடுவில் ஒருமுறை கூரியரில் மாற்றுப் பொதியும் வந்தது. ஆசையோடு பிரித்தேன். ஆறு கம்பி! சாதாரண மின்கிற்றாருக்குரிய 10 முதல் 46 வரையான செற். அதன் மிகத் தடித்த கம்பி, என் பேஸின் மிக மெல்லிய கம்பிக்குத்தான் சமம். இதை அனுப்பியவர் பேஸ் கிற்றாரைப் படத்திலாவது பார்த்திருப்பாரா?

இதற்கிடையில் பூங்காவனத் திருவிழா வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கழற்றி வைத்த பழைய கம்பிகளைத் திரும்பப் பூட்டினேன். முன்பு மடிந்திருந்த இடத்தில் ஜி கம்பி மூன்றாவது பாட்டிலேயே அறுந்தது. மிச்ச இரவு முழுவதும் மூன்று கம்பியில் வாசித்தேன். மேல் சுரங்களைக் கீபோர்ட் வாசிக்கும் தம்பிதான் பார்த்துக்கொண்டார். முன் வரிசையில் இருந்தவர்கள் அறுந்த கம்பி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 18 வருடத்தில் சேர்த்த பெயர் அந்த ஓர் இரவில் போயிற்று. அடுத்த இரண்டு கல்யாண வீட்டு நிகழ்ச்சிகளுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்கிறார் மனைவி. எனக்கு நீங்கள்தான் காரணம்.

உங்களிடம் பகை பாராட்ட எனக்கு விருப்பமில்லை. கம்பியின் தரத்தில் குறை சொல்லவும் இல்லை. தொட்டபோது விரலுக்குக் கீழே பட்டுப் போல ஓடியது, அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது. பத்து வேலை நாட்களுக்குள் சரியான செற்றை அனுப்புங்கள், அல்லது 19,500 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். போயாப் பயணத்தின் பஸ், ஓட்டோச் செலவு 6,200 ரூபாவையும் சேர்த்துத் தரவேண்டும். அளவுநாடாவைச் சந்தேகித்த ஊழியர் என் மனைவியிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் அதையும் ஏற்றுக்கொள்வேன்.

இல்லையேல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குப் போவேன். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இன்னும் 23 நாள் இருக்கிறது. அவர்களுடைய 1977 என்ற முறைப்பாட்டு இலக்கத்தையும் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். அங்கேயாவது நாளைக் குறிக்கும் முன் நாட்காட்டியைப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

தயவுசெய்து, இம்முறை கூரியரில் போடும் முன் கம்பியை ஒருவர் அளந்து பார்க்கட்டும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
(பெயரும் கையொப்பமும் பற்றுச்சீட்டுப் பிரதியில் உள்ளன)

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, அளவுநாடாவோடு எடுத்த கம்பியின் படம் இரண்டு, பஸ் டிக்கெட். ஆறு கம்பிச் செற் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வந்து எடுத்துச் செல்லலாம், போயா தினத்திலும் வீட்டில்தான் இருப்பேன்.