மொய் நோட்டில் ஏறாத பெயர்

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

நாவல் வெளியான அன்று ஏற்புரைக்கு என்னை எழுப்பினார்கள். எழுதி வைத்திருந்த தாள் சட்டைப்பையில் இருந்தது, எடுக்க வரவில்லை. "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அதில் யார் கடனும் தீராது என்பதால் இந்த மடல்.

முதலில் மாமா, என் அம்மாவின் தம்பி. ஆலங்குடிப் பக்கத்து ஆட்களுக்கு மொய் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணம், காதுகுத்து, சடங்கு என எந்த விசேஷமானாலும் வந்தவர் வைத்த பணம் பேர், ஊர், தொகையோடு நோட்டில் ஏறும். அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். விசேஷமே நடக்காத வீட்டுக்கு வைத்த மொய் திரும்பாது. மூன்று தலைமுறை நோட்டுகளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, "கிழிச்சிராத" என்ற ஒரே நிபந்தனையோடு மாமா என்னிடம் கொடுத்தார். நாவலின் முதுகெலும்பு அந்த நோட்டுகள்தான். எந்தப் பெண்ணுக்கு எந்த வருடம் சடங்கு சுற்றினார்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் தலைமுறைக்கு ஒரு பெயர் விடுபட்டிருந்தது. அம்மாச்சியின் தங்கை. பெரியம்மா. அப்புறம் நான்.

வயசுக்கே வராத பெண்ணுக்கு ஊரில் ஒரு சொல் உண்டு: இருசி. பெரியம்மா ஆயுசு முழுக்க அந்தச் சொல்லோடு இருந்தவர். கட்டிக்கொடுத்த நாலாம் மாதமே திருப்பி அனுப்பப்பட்டவர். இதைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மூன்று மதியம், மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். "எழுதிக்க. எம்பேர மட்டும் மாத்திரு" என்றார். மாத்திட்டேன் பெரியம்மா.

கைப்பிரதியை வாசித்த மரபியல் மருத்துவருக்கு நான் பட்ட கடன் வேறு வகை. முதல் படியில் பழியையெல்லாம் அம்மாச்சியின் கல்யாணத்தின் மேல் போட்டிருந்தேன். தாய்மாமனைக் கட்டியதால் வந்த வினை என்று நாற்பது பக்கம். உருக்கமாக வேறு எழுதியிருந்தேன். மருத்துவர் ஒரு பேனாவை எடுத்து ஓரத்தில் படம் போட்டார். எங்கள் வீட்டில் இருப்பது ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. செல்லுக்குள் எக்ஸ்ஒய் குரோமோசோம்கள். உடம்புக்குள் விரைகள் இருக்கின்றன, அவை ஆண் ஹார்மோனைச் சுரக்கவும் செய்கின்றன. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஏற்பி மட்டும் வேலை செய்வதில்லை. அதனால் வெளியே பெண்ணுடம்பாக வளர்கிறது, மார்பு வளர்கிறது, ஆனால் கருப்பை கிடையாது, மாதவிலக்கும் வராது. அந்த ஏற்பிக்கான மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அது தாய்வழியாக இறங்கி வருவது. "உங்க அம்மாச்சி அசல்ல கட்டியிருந்தாலும் இதேதான்" என்றார். நாற்பது பக்கமும் குப்பைக்குப் போயின. செத்துப்போன ஒருத்தி மேல் நான் ஏற்றிய பழி அச்சுக்குப் போகும் முன் இறங்கியது.

ஆறு வயதில் குடலிறக்கம் என்று சொல்லி எனக்கு அறுவைசிகிச்சை செய்தார்கள். 1998இல். உள்ளே இருந்து எடுத்தது என்னவென்று எனக்குத் தெரிய வந்தபோது வயது இருபத்து மூன்று. அந்த அத்தியாயத்தை எழுதுகையில் பழைய காகிதங்களை வரிவரியாகப் படித்துச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அக்கா. சுரப்பியை எடுத்துவிட்டால் ஹார்மோன் மாத்திரை வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு தேயும் என்பதை என் வீட்டுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை என்று கண்டுபிடித்ததும் அவர்தான். அன்று என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். அந்தக் கோபத்துக்கும் நன்றி அக்கா.

வழக்கறிஞர் தோழர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் 2019 ஏப்ரல் 22 தீர்ப்பை நகலெடுத்து வந்து கொடுத்தார். தூத்துக்குடியில் கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியின் திருமணத்தைப் பதிய மறுத்த வழக்கு அது. பதிவு செய்யச் சொன்னதோடு நிற்காமல், ஊடுபால் குழந்தைகளை, அதாவது ஆண், பெண் என்ற இரண்டு அச்சிலும் முழுக்க அடங்காத உடம்போடு பிறக்கும் என் போன்றவர்களை, ஆண் என்றோ பெண் என்றோ ஆக்குவதற்காக அறுக்கக் கூடாது என்பது வரைக்கும் போனார் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன். அதே வருடம் ஆகஸ்டில் அரசாணையும் வந்தது, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி தடை என்று. என் கணக்கில் இருபத்தோரு வருடம் தாமதம். இருந்தாலும் நாவலின் கடைசிப் பகுதி அந்த நகலில் இருந்துதான் கிளம்பியது.

சாந்தி சௌந்தரராஜன் அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை. 2006 டிசம்பர், தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. எங்கள் மாவட்டத்துக்காரர், செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளை. எனக்குப் பதினாலு வயது. "இன்னும் உக்காரலையாடி?" என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்த காலம். பாலினச் சோதனை, பதக்கம் பறிப்பு என்று செய்தி வாசித்தபோது அம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தார். ஏன் அணைத்தார் என்பதுதான் நாவலின் முதல் வரி. அக்கா பிறகு பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓடவைத்தார். அதற்காகவும் அவருக்கு என் வணக்கம்.

மெய்ப்பு பார்த்தவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வந்தான் என்றால் ஒருவன், வந்தாள் என்றால் ஒருத்தி. தமிழாசிரியர் ஒருவரைக் கேட்டேன், நன்னூலைப் புரட்டிக் காட்டினார். பேடு, அதாவது ஆண்மையோ பெண்மையோ திரிந்தவர் என்று இலக்கணம் சொல்பவர், பற்றிய சூத்திரம் அஃறிணை போலவும் வரும் என்று முடிந்தது. பேடும் நானும் ஒன்றில்லை என்பது தெரிந்தாலும் சுருக்கென்றது. "வந்தார்" போட்டு எழுதிப் பார்த்தேன், ஆறு வயதுப் பிள்ளை தாசில்தார் மாதிரி நடமாடியது. மெய்ப்பு பார்த்தவர்தான் போனில் சொன்னார்: "'நான்' போட்டு எழுதுங்களேன். வந்தேன், போனேன், அழுதேன். அதுல ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல." அறுநூறு பக்கத்தையும் திருப்பி எழுதினேன். அதற்குப் பிறகும் பதினோரு இடத்தில் பழைய "அவள்" ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிடித்துக் கொடுத்தார்.

பதிப்பாளருக்கு, அட்டையில் பாதி ஆண் பாதி பெண் முகம் வேண்டாம் என்றதும் ஒத்துக்கொண்டதற்கு நன்றி. அர்த்தநாரீஸ்வரர் போடலாமே என்று மூன்று பேர் கேட்டார்கள். சாமி வேறு, நான் வேறு.

கடைசியாகத் திரும்பவும் மாமா. வெளியீட்டன்று வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் எவர்சில்வர் தட்டு, சந்தனம், புது நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, மேலே என் பெயரை எழுதியிருந்தார். "மொய் எழுதாம நான் எந்த விசேசத்துக்குப் போயிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு முதல் வரியில் தாய்மாமன் முறைக்கு 5001 எழுதினார். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக வைத்தீர்கள். மொத்தம் 63 பேர். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் சொல்லி அனுப்புங்கள், கூட்டித்தான் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை